காலி மண்டபத்துக்கு வச்ச அளவு

அது துப்பாக்கி இல்லைக்கா. மைக் ஸ்டாண்டு. பயப்படாம காலை நீட்டிக்கோங்க, ஒண்ணும் ஆகாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறும்போது கண்டக்டரும் இப்படித்தான் பார்த்தார். "என்னம்மா, மான் வேட்டையா?"ன்னு சத்தமா கேட்டார். பஸ்ஸே சிரிச்சது. நான் லக்கேஜுக்குச் சேர்த்து டிக்கெட் வாங்கிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

பஞ்சரான டயருக்கு மாத்தலாம்னா ஸ்டெப்னியும் காத்து இறங்கிக் கிடக்காம். இப்பதான் டிரைவர்கிட்ட கேட்டுட்டு வந்தேன். நானா போய்க் கேட்கலை, அவர் போன்ல பேசினது காதுல விழுந்தது. வேற வண்டி வந்து ஏத்திக்கணுமாம். இப்ப மணி நாலேகால். ரெண்டு மணிக்கெல்லாம் ஜெயங்கொண்டத்துல இருக்கணும்னு கிளம்பினவ நான். நாலு மணிக்குள்ள வேலையை முடிச்சுட்டு, நாலேகால் பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பியிருப்பேன். பஸ் எடுத்ததே ரொம்ப லேட்டு, இப்ப கல்லக்குடி தாண்டி, இந்தப் புளியமரத்தடியில, சிமெண்ட் லாரிக்குத் தூசி தின்னுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

நீங்க கீழப்பழுவூரா? அப்ப உங்களுக்குப் பக்கம்தான்.

வேலையா? சொன்னா யாருக்கும் புரியாதுக்கா. மண்டபத்துல ஸ்பீக்கர் எல்லாம் மாட்டியிருப்பாங்க இல்லையா, அது சரியா கேட்குதான்னு பார்த்து அளவு வைக்கிறது. காதால கேட்டு இல்லை. காது ஆளுக்கு ஆள் மாறும், நேரத்துக்கு நேரம் மாறும். அதுக்கு அனலைசர்னு ஒண்ணு இருக்கு. இந்தப் பெட்டிக்குள்ள பேனா மாதிரி ஒரு சின்ன மைக், அதோட லேப்டாப். ஸ்பீக்கர்ல பாட்டு போட மாட்டோம். மழை பெய்யற மாதிரி "ஷ்ஷ்ஷ்"னு ஒரே சத்தம் விடுவோம். கீழ்ச்சத்தம், நடுச்சத்தம், மேல்சத்தம் எல்லாம் அதுல சரிசமமா கலந்திருக்கும். மண்டபத்துக்கு நடுவுல மைக்கை வச்சா, திரையில முப்பத்தோரு கம்பம் எழும்பும். எந்தக் கம்பம் ரொம்ப உயருதோ, அந்தச் சத்தத்தை மண்டபம் தானா கூட்டுதுன்னு அர்த்தம். கண்ணாடிச் சுவர், டைல்ஸ் தரை, அதெல்லாம் பண்ற வேலை. ஈக்குவலைசர்னு சத்தத்தை ஏத்தி இறக்கற மெஷின்ல அதை மட்டும் கொஞ்சமா இறக்குவேன். எல்லாக் கம்பமும் ஒரே மட்டத்துக்கு வர்ற வரைக்கும் இறக்குவேன். வெட்டிவிட்ட வேலி மாதிரி நிக்கும். அதைப் பார்க்கிறது ஒரு சந்தோஷம்.

இதுல முதல் வேலை என்ன தெரியுமா? எல்லாரையும் வெளியே அனுப்பறது. ஃபேன் ஓடக்கூடாது, நாற்காலி இழுக்கக்கூடாது, இருமக்கூடாது. நான் பேசவே வேண்டாம், அதுக்கு ஒரு அட்டை எழுதி வச்சிருக்கேன். "அளவு எடுக்கிறோம், தயவுசெய்து வெளியே இருக்கவும்." கதவுல மாட்டிடுவேன். அப்புறம் ஆயிரம் நாற்காலிக்கு நடுவுல நான் ஒருத்திதான். உட்கார்ந்திருக்கிற ஆளோட காது என்ன உயரத்துல இருக்குமோ, அந்த உயரத்துக்கு மைக்கை வைப்பேன். இந்த நாற்காலியில ஒரு தடவை, அந்த நாற்காலியில ஒரு தடவை. ஒவ்வொரு இடத்துலயும் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரியே நிக்கும் அது. நாலு வருஷத்துல நூத்திப்பத்து மண்டபம் பார்த்துட்டேன். கல்யாணம்தான் ஒண்ணுகூடப் பார்க்கலை. எனக்குக் கூட்டம் ஒத்துக்காதுக்கா. யாராவது "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"ன்னு கேட்பாங்க. ரெண்டும் இல்லைன்னா என்ன சொல்றது?

இல்லைக்கா, வேண்டாம். நான் கடலை சாப்பிடறதில்லை. சரி, ரெண்டு குடுங்க.

இந்த ஜெயங்கொண்டம் மண்டபம், செண்பகவல்லி மகால். அங்கே மைக் ஆபரேட்டர் செங்குட்டுவன்னு ஒருத்தர். குட்டுவன்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. என் வயசு இருக்கும், ஒண்ணு ரெண்டு கூட இருக்கலாம். நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து மட்டம் பண்ணி வச்சுட்டுப் போனா, அடுத்த தடவை போகும்போது எல்லாத்தையும் ஏத்தி இறக்கி வச்சிருப்பார். மேல்சத்தம் எல்லாம் உச்சியில நிக்கும். மூணு தடவை இப்படி. கேட்டா சிரிப்பார்.

"மேடம், நீங்க வச்சது அழகாத்தான் இருக்கு. ஆனா ஜனம் வந்து உட்கார்ந்துட்டா அழுக்குத்துணி போட்டு மூடின மாதிரி ஆயிடுது. ஒரு தடவை ஆளுங்க இருக்கும்போது வந்து கேளுங்க. நாலாவது வரிசையில உங்களுக்கு ஒரு சேர் போடறேன். அப்படியே சாப்பிட்டுட்டுப் போங்க. இந்த மண்டபத்துல வத்தக்குழம்பு நல்லா இருக்கும்."

பார்த்தீங்களா? கிண்டல். ஒவ்வொரு தடவையும் அந்த நாலாவது வரிசை, அந்த வத்தக்குழம்பு. மூணு தடவையும் அதையே சொன்னார். ஒரு தடவை என்னை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டுவந்து விட்டுட்டு, பஸ் கிளம்பற வரைக்கும் அங்கேயே நின்னார். நான் ஒழுங்கா ஊருக்குப் போய்த் தொலைஞ்சேனான்னு பார்க்கத்தான், வேற எதுக்கு.

ஆள் இருந்தா சத்தம் மாறும்னு எனக்குத் தெரியாதா? பி.எஸ்சி. பிசிக்ஸ்க்கா நான். மனுஷ உடம்பு சத்தத்தைக் குடிக்கும். அதுவும் மேல்சத்தத்தை ரொம்பக் குடிக்கும். ஒரு ஆள் உட்கார்ந்தா ஒரு மெத்தையைப் போட்ட மாதிரி. காலி மண்டபத்துல எகிறுற சத்தம், எண்ணூறு பேர் உட்கார்ந்தா காணாமப் போயிடும். புஸ்தகத்துல இருக்கு. அதுக்குன்னு ஒரு உத்தேசக் கணக்கு வச்சுக் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். நானும் வைப்பேன். கொஞ்சமாத்தான் வைப்பேன். ஏன்னா கூட்டினா திரையில மட்டம் கெட்டுடும் பாருங்க.

சரி, அந்த நாலாவது தடவைக்கு வர்றேன். போன வைகாசி. ஒரு வியாழக்கிழமை போனேன், மறுநாள் காலையில அங்கே கல்யாணம். இந்தத் தடவை மட்டம் பண்ணி முடிச்சதும் பூட்டுப் போட்டேன். அந்த மெஷின்ல நாலு நம்பர் பூட்டு உண்டு. நம்பர் தெரியாம யாரும் ஒரு கம்பத்தையும் அசைக்க முடியாது. எங்க ஹென்றி சார்தான் போடச் சொன்னார். அவர்தான் கம்பெனி வச்சிருக்கிறவர். நம்பரை அவர்கிட்ட சொல்லணும். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன். குட்டுவன் எனக்கு முன்னாடியே ஒரு பட்டனை அமுக்கிப் பார்த்தார். "லாக்கா?"ன்னார். "ஆமா"ன்னேன். "எம்மேல அவ்வளவு நம்பிக்கையா மேடம்?"னு சிரிச்சார். நான் ஸ்டாண்டை மடிச்சு எடுத்துட்டு நாலேகால் பஸ்ஸைப் பிடிச்சேன்.

இங்கதான் ஒரு சின்ன விஷயம். அளவு எடுக்கும்போது போனை ஃப்ளைட் மோடுல போட்டுடுவேன். இல்லைன்னா மைக் ஒயர்ல "டிர்ர் டிர்ர்"னு ஏறும், கம்பம் எல்லாம் குதிக்கும். அன்னிக்கு மதியம் போட்டேன். எடுக்க மறந்துட்டேன்.

யாரா இருந்தாலும் மறக்கும்க்கா. வியாழன் ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். வெள்ளிக்கிழமை லீவு. துணி துவைச்சேன், தலைக்குக் குளிச்சேன், சாயங்காலம் மொட்டைமாடியில காய்ஞ்ச துணியை எடுத்தேன். அலாரம்கூட காலையில சரியா அடிச்சது. அதனால போன் நல்லாத்தான் இருக்குன்னு நினைச்சேன். ஃப்ளைட் மோடுல இருந்தாலும் அலாரம் அடிக்கும், அது உங்களுக்குத் தெரியுமா? ஊர்ல இருந்து அண்ணி பேசறது ஞாயித்துக்கிழமை. இடையில வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லையே.

சனிக்கிழமை காலையில கீழே இருந்து வார்டன் கத்தினாங்க. "வசுமதி, விசிட்டர்!" நான் இட்லி தின்னுக்கிட்டு இருந்தேன். வேற யாரோ வசுமதி போலன்னு நினைச்சு ரெண்டாவது இட்லியும் வச்சுக்கிட்டேன். நாலு வருஷத்துல என் பேரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. பக்கத்து ரூம் பொண்ணுதான், "ஏய், உன்னைத்தாண்டி"ன்னு கையைப் பிடிச்சு எழுப்பிவிட்டா.

வாசல் கேட் பக்கத்துல ஹென்றி சார், ஹெல்மெட்டோட. "உயிரோட இருக்கியா?"ன்னார். முதல்ல அதைத்தான் கேட்டார். அப்புறம்தான் திட்டினார்.

மாடிக்கு ஓடிப்போய் போனை எடுத்து அந்த விமானத்தை அணைச்சேன். மெசேஜா கொட்டுச்சு. நாற்பத்திமூணு மிஸ்டு கால். குட்டுவன் இருபத்தொன்பது, ஹென்றி சார் பதிமூணு, தெரியாத நம்பர் ஒண்ணு. எனக்கு ஒரே நாள்ல நாற்பத்திமூணு தடவை! அந்த மெசேஜ் எதையும் நான் அழிக்கலை. இதோ பாருங்க, இன்னும் இருக்கு. சாட்சிக்கு வேணும் இல்லையா.

என்ன நடந்ததுன்னா, அது இலக்கியான்னு ஒரு பொண்ணோட கல்யாணம். அவ அப்பா நாகமுத்து குவைத்துல இருக்கார். ஆறு வருஷமா ஊருக்கு வரலை. முதலாளியோட ஏதோ பிரச்சினை, பாஸ்போர்ட்டைக் குடுக்கலை. ஊர்ல என்ன பேசுவாங்க? அங்கே இன்னொரு குடும்பம் வச்சுட்டார், பொண்ணு கல்யாணத்துக்குக்கூட வரலைன்னு பேச்சு. பொண்ணோட அம்மா தனக்கொடி கடைத்தெருவுக்குப் போறதையே விட்டுட்டாங்களாம். அதனால தாலி கட்டின கையோட, அவர் போன்ல பேசறதை ஸ்பீக்கர்ல போடணும், மண்டபமே கேட்கணும்னு ஏற்பாடு. ஏன் வர முடியலை, எங்க எப்படி இருக்கார், எல்லாம் எழுதி வச்சுப் படிச்சார். ஆறு நிமிஷம்.

ஒரு வார்த்தை யாருக்கும் விளங்கலை.

போன் குரல்லயே மேல்சத்தம் பாதிதான் இருக்கும்க்கா. அது என் தப்பு இல்லை. மீதியை நான் இறக்கி வச்சிருந்தேன். அதுக்கும் மீதியை எண்ணூறு பேர் குடிச்சுட்டாங்க. கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி "கும் கும்"னு வந்திருக்கு. குட்டுவன் ஏத்தப் பார்த்தா பூட்டு. ஒரு கையில மெஷின், ஒரு கையில எனக்கு போன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு போட்டுப் பார்த்தாராம். நாலு சைபர். அவர் வண்டி நம்பர். மண்டபம் கட்டின வருஷம். எங்க கம்பெனி போன் நம்பரோட கடைசி நாலு. ஒண்ணும் திறக்கலை. ரொம்பச் சுலபமான நம்பர்தான்க்கா, என் பிறந்தநாள். யாருக்குமே தோணலை பாருங்க.

கொஞ்ச நேரத்துல ஜனங்க பந்திக்கு எழுந்துட்டாங்களாம். அவர் அங்கே படிச்சுக்கிட்டே இருக்கார். முடிச்சுட்டு, "கேட்டுச்சா சாமி?"ன்னாராம். அது மட்டும் எப்படியோ விளங்கியிருக்கு. அந்தப் பொண்ணு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, "கேட்டுச்சுப்பா. எல்லாருக்கும் கேட்டுச்சு"ன்னா.

இதை எனக்குக் குட்டுவன் போன்ல சொன்னார். அவர் சிரிக்காம பேசினது அன்னிக்குத்தான். நான் சொன்னேன், "ஸ்பீக்கரை விட்டுட்டு போனைப் பொண்ணு காதுல வச்சிருக்கலாமே"ன்னு. அதுக்கு அவர், "மேடம், அந்த மனுஷனுக்குப் பொண்ணு காது மட்டும் போதும்னா ராத்திரி ரூம்ல இருந்து பேசியிருப்பார். ஊர் கேட்கணும்னுதான் பேசினார்"னார். நம்பரைச் சொன்னேன். எழுதிக்கிட்டார். "இது என்ன நம்பர்?"னு கேட்டார். "சும்மா ஒரு நம்பர்"னு வச்சுட்டேன்.

அந்தத் தெரியாத நம்பரா? அது தனக்கொடி அம்மாவோடது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேமுக்காலுக்கு அடிச்சிருக்காங்க. எல்லாம் முடிஞ்சப்புறம். எதுக்குன்னு தெரியலை. குட்டுவன் சொன்னார், "அளவு வச்ச பொண்ணு போன் இப்படி அணைஞ்சே கிடக்கே, வழியில ஏதாச்சும் ஆயிடுச்சோ"ன்னு கேட்டு, என் நம்பரை வாங்கி அடிச்சாங்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை. திட்டத்தான் அடிச்சிருப்பாங்க. நான் திருப்பிக் கூப்பிடலை.

அங்கே வருதே, அந்த வண்டியா? இல்லை, அது சிதம்பரம் போற பாயிண்ட் டு பாயிண்ட். நிக்காது.

நான் இவ்வளவு பேசறவளே இல்லைக்கா. நீங்க ஒண்ணும் சொல்லாம கேட்கறீங்க, அதனாலதான்.

இப்ப எதுக்குப் போறேன்னா, நாகமுத்து வந்துட்டார். பாஸ்போர்ட் கிடைச்சு பத்து நாள் ஆச்சு. இன்னிக்குச் சாயங்காலம் ஆறரைக்கு அதே மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளைக்கு விருந்து. அன்னிக்கு வந்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டிருக்கார். அன்னிக்குப் படிச்ச அதே பேப்பரைப் படிக்கப்போறாராம். அவரே எனக்குப் போன் பண்ணினார். திட்டுவார்னு நினைச்சு நான் போனைக் காதுல இருந்து தள்ளியே பிடிச்சிருந்தேன்.

"பாப்பா, ஒரு தடவை பேசினதை இன்னொரு தடவை பேசறது எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை. போன தடவை கேட்டுச்சான்னு கேட்டேன், கேட்டுச்சுன்னு பொய் சொல்லிட்டாங்க. இந்தத் தடவை நீ உட்கார்ந்து கேட்டுச் சொல்லணும். நீதான் மெஷின் வச்சிருக்கே, பொய் சொல்ல மாட்டே"ன்னார்.

அவ்வளவுதான். திட்டவே இல்லை. திட்டியிருந்தா பரவாயில்லை. திட்டு வாங்கினா வீட்டுக்கு வந்துடலாம். நான் "ஓகே சார்"னேன்.

குட்டுவனும் எல்லாம் பேசி வச்சிருக்கார். இலை போடறதுக்கு முன்னாடி எல்லாரையும் ஹால்ல உட்கார வச்சு, "ரெண்டு நிமிஷம் மழைச்சத்தம் வரும், யாரும் குடை விரிக்காதீங்க"ன்னு மைக்ல சொல்லப்போறாராம். அந்த ரெண்டு நிமிஷத்துல நான் ஜனங்களுக்கு நடுவுல மைக்கை வச்சு அளவு எடுக்கணுமாம். எண்ணூறு பேர் என்னைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நான் "சரி"ன்னு சொல்லிட்டேன்.

சொன்னேனே தவிர, எனக்கு வேற கணக்கு இருந்தது. ரெண்டு மணிக்குப் போயிடலாம். காலி மண்டபத்துல அளவு எடுத்து, உத்தேசமா மேல்சத்தத்தை நல்லாவே கூட்டி வச்சுட்டு, நாலேகாலுக்குக் கிளம்பிடலாம். அவசர வேலை வந்துடுச்சுன்னு குட்டுவனுக்கு பஸ்ல இருந்து ஒரு மெசேஜ் போட்டா போதும். அந்த மெசேஜைக்கூடக் காலையிலேயே டைப் பண்ணி வச்சுட்டேன். இதோ இருக்கு பாருங்க, அனுப்பறதுதான் பாக்கி. உத்தேசம் கிட்டத்தட்ட சரியாத்தான் வரும்க்கா. கிட்டத்தட்ட.

ஆனா கேட்டுச்சான்னு நாகமுத்து யாரைக் கேட்பார்?

இப்ப வேற வண்டி வந்து, இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஓடி, போய்ச் சேரவே ஆறு தாண்டிடும். ஜனம் வந்துடும். கதவுல அட்டையை மாட்டினா வாசல்ல நிக்கிற அத்தனை பேரும் என்னை என்ன நினைப்பாங்க.

என்னக்கா சிரிக்கறீங்க?

...இல்லை. நான் அப்படி நினைக்கலை. வத்தக்குழம்பு நல்லா இருக்கும்னா, நல்லா இருக்கும்னு அர்த்தம். அதுல வேற என்ன இருக்கு? மூணு தடவை சொன்னார்தான். பஸ் கிளம்பற வரைக்கும் நின்னார்தான். நீங்க வேற, சும்மா இருங்க.

அதோ, கண்டக்டர் கையைக் காட்டறார். வண்டி வந்துடுச்சு போல. அவசரப்படாதீங்க, எல்லாரும் ஏறட்டும், நாம கடைசியில ஏறிக்கலாம். அந்த ஸ்டாண்டைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா? ரெண்டு கையும் வேணும் எனக்கு.

அந்த மெசேஜை அழிச்சுட்டேன். வேற எழுதறேன். "பஸ் பஞ்சர். ஆறு மணி ஆகும். ஆளுங்களை வெளியே அனுப்ப வேண்டாம். நாலாவது வரிசையில ஒரு சேர்." சரியா இருக்கா? "ப்ளீஸ்" போடணுமா? வேண்டாம். அனுப்பிட்டேன்.

ஒரு நிமிஷம் ஆச்சு. ஒண்ணும் வரலை.

ஃப்ளைட் மோடு இல்லைக்கா, பார்த்துட்டேன். ரெண்டு தடவை பார்த்தேன். ஆனாலும் இந்தப் போனை நம்ப முடியாது. நீங்க ஒரு உதவி பண்ணுங்களேன், எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. டெஸ்ட்டுக்குத்தான். நம்பர் சொல்றேன், போட்டுக்கோங்க.

அடிக்குது. கேட்குதா உங்களுக்கு? நல்லா கேட்குது.

கட் பண்ணிடாதீங்க. இன்னும் ரெண்டு ரிங் போகட்டும்.